பதினைந்து நாள் ஆளில்லாமல் நிற்கும் பாய்மரப் படகை எப்படிக் கட்டுவது?

காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஓசூரில் அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் முதலாளி, கொச்சி போல்காட்டித் தீவில் உள்ள மரீனாவில் (தனியார் படகுகளை நிறுத்திவைக்கும் துறையில்) 32 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். மாதம் இரண்டு முறை போய் அதைப் பார்த்துவரும் பொறுப்பு, கடலை அதிகம் பார்த்திராத இவர் தலையில் விழுந்திருக்கிறது. போன முறை போனபோது படகின் இடப்பக்கம் பெயின்ட் உரிந்திருந்ததாம். முன்பக்கக் கயிறு ஒன்று பாதிக்கு மேல் தேய்ந்து கிடந்ததாம். இப்போது நான்கு நீலக் கயிறுகளால் கட்டியிருப்பதாக எழுதி, படமும் அனுப்பியிருக்கிறார். எத்தனை கயிறு, என்ன தடிமன், எந்த முடிச்சு என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: ஆறு கயிறு, 12 அல்லது 14 மில்லிமீட்டர் நைலான், கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்புக் கட்டையில்) எட்டு வடிவச் சுற்று. ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, தான் ரயில் ஏறி ஊர் திரும்பிய பிறகு, கிட்டே யாரும் இல்லாத பதினைந்து நாட்களில் காற்றும் நீரும் எத்தனை முறை மாறினாலும் அந்தப் படகு விட்ட இடத்தில் விட்டபடியே நிற்குமா என்பதைத்தான். அதற்கு ஒரு வரி போதாது.

நான் பென்னாகரம் வட்டத்தில், நாகமரைப் பரிசல் துறைக்குப் பக்கத்தில் பிறந்தவன். வணிகக் கப்பல்களில் 23 ஆண்டுகள் வேலை செய்து, கடைசியில் போசனாக, அதாவது மேல்தளத் தொழிலாளர்களின் தலைவனாக இருந்து இறங்கினேன். பிறகு வளைகுடாவில் ஒரு மரீனாவில் எட்டு ஆண்டுகள், வரும் படகுகளின் கயிற்றை வாங்கிக் கட்டுவதும் கட்டியிருப்பவற்றை இரவில் சுற்றிப் பார்ப்பதுமே என் வேலை. கப்பல் கட்டுவதில் தெரிந்ததெல்லாம் சிறு படகுக்குப் பொருந்தாது என்பதை அங்கே போன பிறகுதான் கற்றுக்கொண்டேன். (கட்டுவது என்று நான் சொல்வதெல்லாம் கயிற்றால் கட்டுவதை, எங்கள் ஊரில் யாரோ நான் கப்பல் கட்டும் இன்ஜினியர் என்று நினைத்துப் பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்ட கதை தனி.) தம்பி, உங்கள் படகை நான் நேரில் பார்க்கவில்லை, எனவே எந்தப் படகுக்கும் பொருந்துவதை உறுதியாகவும், நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டியதைத் தனியாகவும் சொல்கிறேன்.

கயிறு வாங்கும் முன் பார்க்க வேண்டியது மேடையை. படகைக் கட்டும் மேடை நீரோடு ஏறி இறங்கும் மிதவை மேடையா, தூண் மேல் நிற்கும் நிலையான மேடையா? மிதவை மேடையென்றால் படகும் மேடையும் சேர்ந்தே ஏறி இறங்கும். கயிற்றை ஓரளவு நெருக்கமாகக் கட்டலாம். நிலையான மேடையென்றால் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் முழுவதையும் கயிறே தாங்க வேண்டும். எனக்கு இந்தப் பாடம் கடலில் கிடைத்ததில்லை, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் கிடைத்தது. 120 அடி வரை நிறையும் அந்த நீர் வற்றும்போது நாகமரையில் துறையே பள்ளத்தை நோக்கி நகர்ந்துவிடும். கர்நாடகத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்டாலோ மாலையில் அடித்த முளை காலையில் நீருக்கடியில் இருக்கும். என் சித்தப்பா படகைக் கட்டும்போது கயிற்றில் நாலு முழம் தளர்வு விட்டுத்தான் கட்டுவார். புதிதாக வந்த ஒருவர் நெருக்கிக் கட்டிவிட்டுப் போக, இரவில் நீர் ஏறி, மூக்கு கயிற்றால் கீழே இழுபட்ட நிலையில் அந்தப் படகு பாதி மூழ்கிக் கிடந்ததைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்திருக்கிறேன்.

கொச்சியில் ஓத வேறுபாடு, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு, குறைவு, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மும்பையில் அது நாலு மீட்டரைத் தாண்டும். ஒரு மீட்டர் என்பதும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. நிலையான மேடையில் இரண்டு மீட்டர் நீளக் கயிற்றால் குறுக்கே கட்டப்பட்ட படகு ஒரு மீட்டர் கீழே இறங்கினால், அந்தக் கயிறு ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் கூடுதலாக நீள வேண்டியிருக்கும். அதுவே ஒன்பது மீட்டர் நீளக் கயிறாக இருந்தால் தேவைப்படும் கூடுதல் ஐந்தரை சென்டிமீட்டர்தான். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கே இது. நீளமான கயிறு ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாமல் வேலை செய்யும் என்பது இதிலிருந்தே விளங்கும். கயிற்று அமைப்பின் பாதி ரகசியம் இந்தக் கணக்குதான்.

இப்போது கயிறுகளின் வேலைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து எருதாட்டங்களில் காளைக்கு இருபுறமும் வடம் பிடித்து ஆட்கள் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பக்கம் பிடித்தால் அது பிடித்தவன் மேலேயே பாயும். படகும் அப்படித்தான். மூக்கிலிருந்து இருபுறமும் இரண்டு, வாலிலிருந்து இருபுறமும் இரண்டு என நான்கு கயிறுகள் பக்கவாட்டு அசைவைத் தடுக்கின்றன. உங்கள் படகில் இருப்பதும் இந்த நான்கு மட்டுமே என்று எழுதியிருக்கிறீர்கள். குறை இங்கேதான் இருக்கிறது. படகு பக்கவாட்டில் மட்டும் அசைவதில்லை. பக்கத்தில் ஒரு பயணிகள் படகு விரைந்து போனால் எழும் அலையில் அது முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைத் தடுப்பவை ஸ்பிரிங் எனப்படும் கயிறுகள். ஒன்று படகின் முன்பகுதியிலிருந்து புறப்பட்டுப் பின்னோக்கிச் சென்று மேடையில் கட்டப்படும். படகு முன்னே ஓடி எதிர் மேடையில் மூக்கை இடிக்காமல் அது பிடிக்கும். மற்றொன்று படகின் பின்பகுதியிலிருந்து முன்னோக்கிச் சென்று கட்டப்படும். பின்னே ஓடாமல் அது பிடிக்கும். இரண்டும் படகின் பக்கத்தோடு ஒட்டியே, ஏறக்குறைய படகின் நீளத்துக்கே போவதால், மேலே சொன்ன கணக்குப்படி நீர்மட்டம் மாறினாலும் இவற்றின் இறுக்கம் அதிகம் மாறுவதில்லை. எனவே படகின் இடத்தை முன்பின்னாக நிர்ணயிக்கும் பொறுப்பை ஸ்பிரிங்கிடம் கொடுத்துவிட்டு, மூக்குக் கயிற்றையும் வால் கயிற்றையும் சற்றுத் தளர்வாக விடலாம். ஸ்பிரிங் இல்லாதபோது அந்த நான்கையும் இழுத்து இறுக்கத் தோன்றும். இறுக்கினால் கயிறும் கிளீட்டும் அடி வாங்கும், தளர்த்தினால் படகு மேடையில் உரசும். உங்கள் இடப்பக்கப் பெயின்ட் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. மரீனாவில் நான் சேர்ந்த முதல் ஆண்டில், ஒருவர் 36 அடிப் படகை இரண்டு மணி நேரத்தில் திரும்பி வருகிறேன் என்று விட்டுப் போனார். இரண்டு மணி நேரம்தானே என்று நான்கு கயிற்றோடு விட்டேன். அவர் மறுநாள் காலைதான் வந்தார். இரவில் காற்று திசை மாறி, அவருடைய படகின் மூக்கில் இருந்த நங்கூரம் எதிர் மேடையின் மின்பெட்டியை இரண்டாகப் பிளந்திருந்தது. நங்கூரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்பெட்டிக்கான பணத்தில் பாதி என் சம்பளத்தில் கழிந்தது. இரண்டு ஸ்பிரிங் கட்ட நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

அடுத்து கயிறு. நீங்கள் சொல்லும் நீலக் கயிறு, நம் ஊர் லாரிகளில் மாங்காய்ப் பெட்டிகளின் மேல் தார்ப்பாய் கட்டும் அதே பாலிப்ரொப்பிலீன் கயிறுதான் என்று படத்திலிருந்து தெரிகிறது. பாரம் கட்ட அது நல்ல கயிறு. படகை நிரந்தரமாகக் கட்ட ஏற்றதன்று. வெயில் பட்டால் அதன் இழைகள் வறண்டு பொடிப்பொடியாக உதிரும். கையால் உருவினால் ஊசிபோல் குத்தும், அந்த நிலைக்கு வந்த கயிற்றை நம்பக் கூடாது. தண்ணீரில் மிதக்கும் குணத்தால் மற்ற படகுகளின் உந்துவிசிறியில் (ப்ரொபெல்லரில்) சிக்கவும் செய்யும். பாலியெஸ்டர் வெயிலையும் உரசலையும் நன்றாகத் தாங்கும், ஆனால் குறைவாகவே நீளும்; பாயை இழுத்துக் கட்டும் கயிறுகளுக்கு அந்தக் குணமே வேண்டும். கட்டும் கயிற்றுக்கு வேண்டியது நீட்சி. மூன்று புரி நைலான் கயிறு தன் தாங்குதிறனுக்கு மிகக் குறைவான இழுவையிலேயே கணிசமாக நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். அலை வந்து படகை எறியும்போது அந்த வேகத்தைக் கயிறு மெதுவாக விழுங்குவதால் கிளீட்டின் போல்ட் மேல் திடீர் அடி விழுவதில்லை. நைலான் வருவதற்கு முன் பெரிய கப்பல்களிலும் இதே காரணத்துக்காகத் தென்னை நார் வடத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது நீளும், மிதக்கவும் செய்யும்.

தடிமனுக்கு வழக்கிலுள்ள கணக்கு, படகின் ஒவ்வொரு ஒன்பது அடிக்கும் எட்டில் ஒரு அங்குலம் என்பது. 32 அடிக்கு அது 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். கடையில் கிடைப்பது 12. நல்ல 12 மில்லிமீட்டர் நைலான் அறுபடுவதற்கு ஏறத்தாழ மூன்று டன் இழுவை வேண்டும். நனைந்தால் அதில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் குறையும். ஆளில்லாமல் நிற்கும் படகு என்பதால், உரசித் தேய்வதற்கும் இடம் கொடுத்து 14 வாங்குவேன். அதற்கு மேல் போக வேண்டாம். தடித்த கயிறு பாதுகாப்பு என்று நினைத்து 20 வாங்குபவர்கள் உண்டு. இந்த அளவுப் படகு அதை நீட்டவே முடியாது என்பதால் கம்பியால் கட்டியதுபோல் வெடுக்கென்று இழுக்கும், போதாததற்குக் கிளீட்டின் மேல் அது உட்காரவும் செய்யாது. நீளத்தைப் பொறுத்தவரை மூக்குக்கும் வாலுக்கும் படகின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஸ்பிரிங்குக்குப் படகின் முழு நீளம் என்பது வழக்கம். 25 அடியில் நான்கு, 35 அடியில் இரண்டு என்றால் 170 அடி, அதாவது சுமார் 52 மீட்டர். 60 மீட்டராக வாங்கினால் நுனியில் வளையம் பின்னவும் மிச்சம் இருக்கும்.

தேய்ந்த கயிற்றைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். துறையில் நான் பார்த்த அறுந்த கயிறுகளில் இழுவை தாங்காமல் அறுந்தவை மிகச் சில, உரசியே அறுந்தவைதான் அதிகம். அடுத்த முறை போனதும் கயிற்றைக் கழற்றும் முன், தேய்ந்த இடம் படகின் எந்த உலோகத்தை, எந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அநேகமாக அது படகின் ஓரத்தில் கயிறு வழிந்து இறங்கும் வளைவாக இருக்கும். அங்கே விரலால் தடவினால் சிறு பிசிறோ திருகாணியின் கூரான தலையோ தட்டுப்படலாம். அதை அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் மழமழவென்று ஆக்காமல் புதுக் கயிறு போடுவது வீண். பிறகு அந்த இடத்தில் கயிற்றுக்கு உறை போட வேண்டும். பழைய தீயணைப்புக் குழாய்த் துணி, தடித்த தோல், கித்தான் ஆகிய எதுவும் ஆகும். தோட்டத்துப் பிளாஸ்டிக் குழாயை மாட்டுவது எங்கும் உள்ள பழக்கம். சாதாரண நாட்களுக்கு அது பரவாயில்லை, ஆனால் பெருங்காற்றில் நைலான் இழைகள் தமக்குள்ளேயே உரசிச் சூடேறும்போது அந்தக் குழாய் மழைநீரை உள்ளே விடாமல், சூட்டை வெளியே விடாமல் அடைத்துவைக்கிறது. நீர் ஊறும் துணி உறை அந்த வகையில் மேல். உறையைக் கயிற்றோடு சேர்த்து நூலால் தைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று நாளில் அது நகர்ந்துபோய் வேண்டாத இடத்தில் நிற்கும்.

கிளீட் என்பது இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கட்டை. அதில் கட்டுவது எளிது, ஆனால் பத்துப் பேரில் ஏழு பேர் தவறாகக் கட்டுகிறார்கள். படகிலிருந்து வரும் கயிறு முதலில் தூரத்துக் கொம்பின் அடியில் நுழைந்து, அடிப்பாகத்தை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இழுவையில் பெரும்பகுதியை இந்தச் சுற்றுதான் தாங்குகிறது. பிறகு மேலே குறுக்காகப் போய் ஒரு கொம்பு, திரும்பக் குறுக்காக வந்து மறு கொம்பு என்று எட்டு வடிவம் ஒரு முறை அல்லது இரண்டு முறை. கடைசியாகக் கயிற்றைக் கையிலேயே ஒரு முறை முறுக்கி வளையமாக்கி, கொம்பில் மாட்டி இழுக்க வேண்டும். சரியாகக் கட்டியிருந்தால் அந்தக் கடைசிக் கயிறு முந்தைய குறுக்குக் கயிற்றுக்கு இணையாகப் படிந்து கிடக்கும்; குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றால் திருப்பி முறுக்கியிருக்கிறீர்கள் என்று பொருள். முதல் சுற்று இல்லாமல் நேராக எட்டு போட்டுப் பூட்டினால், இழுவை வந்ததும் அந்தப் பூட்டு இறுகி, அவசரத்துக்கு அவிழ்க்கவே முடியாது. அதற்காகப் பயந்து ஏழெட்டு எட்டுகள் போட வேண்டியதில்லை, அது பயத்தைத்தான் காட்டும். வீட்டில் மாட்டுக் கொட்டகைத் தூணில் ஒரு மரக் கிளீட்டைத் திருகிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது முறை கட்டி அவிழ்த்துப் பழகுங்கள். லாரிப் பாரம் கட்டும் உருட்டு முடிச்சு நம் பக்கத்து இளைஞர்களின் கையில் பிறவியிலேயே இருக்கிறது. அசையாமல் இறுக்க அது அருமையான முடிச்சு, ஆனால் இங்கே அதை மறந்துவிடுங்கள், ஏனென்றால் இங்கே வேண்டியது இறுக்கம் இல்லை.

மேடைப் பக்கம் கிளீட்டுக்குப் பதில் தூணோ வளையமோ இருந்தால் நுனியில் நிரந்தர வளையம் தேவைப்படும். போலைன் முடிச்சு (இழுத்தாலும் சுருங்காத வளைய முடிச்சு) நம்பகமானது, ஆனால் எந்த முடிச்சும் கயிற்றின் வலிமையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். புரி பிரித்துப் பின்னிய வளையம் பெரும்பகுதி வலிமையைக் காப்பாற்றும். மூன்று புரிக் கயிற்றில் பின்னுவது அரை நாளில் கற்கக்கூடிய வேலை, குறைந்தது ஐந்து பின்னல் ஓட்டுங்கள். நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டியவற்றில் முதலாவது, உங்கள் படகுத் தளத்துக் கிளீட்டுகள் உள்ளே எதன் மேல் பிடித்து நிற்கின்றன என்பது. பழைய படகில் அவற்றுக்குக் கீழே வெறும் வாஷர் மட்டும் இருக்கலாம். உள்ளறையின் கூரைப் பலகையைக் கழற்றி, போல்ட்டுகளுக்கு அடியில் அகலமான உலோகத் தகடோ பலகையோ இருக்கிறதா, சுற்றிலும் பழுப்பு நிறக் கசிவு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கசிவு இருந்தால் உள்மரம் ஊறியிருக்கும். அங்கே எத்தனை நல்ல கயிறு கட்டினாலும் கிளீட்டோடு பெயர்ந்துவிடும்.

ஃபெண்டர் எனப்படும் காற்றடைத்த தடுப்புருளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உங்கள் படகுக்கு எட்டு அங்குல விட்டத்தில் மேடைப் பக்கம் மூன்று, படகின் அகலமான நடுப்பகுதியில் ஒன்றும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றும். அவை உதவிக்குத்தான், கயிறு சரியாக இருந்தால் படகு எப்போதாவதுதான் அவற்றைத் தொடும். அதைவிடப் பலர் கவனிக்காத ஒன்று பாய்மரம். பக்கத்துப் படகும் பாய்மரப் படகாக இருந்தால், இரண்டின் பாய்மரங்களும் நேர் எதிரே வராதபடி ஸ்பிரிங் கயிற்றை இழுத்தோ விட்டோ உங்கள் படகை இரண்டு மூன்று அடி முன்பின் நிறுத்துங்கள். அலையில் இரண்டும் எதிரெதிராகச் சாயும்போது அடிப்பாகங்கள் எட்டி இருந்தாலும் மேலே குறுக்குக் கைகள் சிக்கிக்கொள்ளும்.

அனுபவமுள்ளவர்களே ஒத்துப்போகாத விஷயங்களும் இதில் உண்டு. வால் கயிறுகளைக் குறுக்காக, வலப்பக்கக் கிளீட்டிலிருந்து இடப்பக்க மேடைக்கும் இடப்பக்கத்திலிருந்து வலத்துக்கும் போடுவதா, நேராகப் போடுவதா என்பது ஒன்று. குறுக்காகப் போட்டால் கயிறு நீளமாகிறது, அதிகம் நீண்டு கொடுக்கிறது. நான் அப்படித்தான் கட்டுவேன். ஆனால் பின்பக்கம் ஏறி இறங்க இடைஞ்சல் என்று நேராகக் கட்டி இருபது ஆண்டு சேதமில்லாமல் வைத்திருப்பவர்களையும் அறிவேன். கயிற்றின் நடுவே ரப்பர் அதிர்வுத் தாங்கி மாட்டுவது இன்னொன்று. குட்டைக் கயிறு கட்ட வேண்டிய இடத்தில் அது பயன்படும், நீளமான நைலானுக்கு அவசியமில்லை என்பது என் கருத்து. மூக்கு உள்ளே இருக்கும்படி நிறுத்துவதா வால் உள்ளே இருக்கும்படியா என்பதை, அந்தத் துறையில் மழைக்காலக் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மூக்கின் மேல் வருமாறு நிறுத்த முடிந்தால், படகு காற்றுக்குக் காட்டும் பரப்பு குறையும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 15 நாட் (நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு) காற்றில் அமைதியாக நின்ற படகை வைத்து 30 நாட் காற்றை எடைபோடக் கூடாது.

முதலாளி ஒருநாள் படகை ஓட்டிப்போய்த் திரும்பும்போது மேடையில் நீங்கள் நிற்பீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். முதலில் வாங்க வேண்டிய கயிறு மூக்குக் கயிறு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதை வாங்கி இழுத்தால் மூக்கு உள்ளே வரும், வால் வெளியே போகும். படகின் நடுப்பகுதியிலிருந்து வரும் ஸ்பிரிங்கை வாங்கி, படகுக்குப் பின்னே தள்ளி உள்ள மேடைக் கிளீட்டில் போடுங்கள். ஓட்டுபவர் இன்ஜினை மெதுவாக முன்னோக்கி வைத்து, சுக்கானை மேடைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிப் பிடித்தால் படகு அந்த ஒரே கயிற்றில் மேடையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்ற ஐந்தையும் ஆற அமரக் கட்டலாம். ஒருபோதும் படகுக்கும் மேடைக்கும் இடையில் கையையோ காலையோ நீட்டித் தடுக்காதீர்கள். 32 அடிப் படகு ஐந்து டன் இருக்கலாம், அது நடக்கும் வேகத்தில் வந்தாலும் உங்கள் காலால் நிற்காது. இழுவையில் விறைத்திருக்கும் நைலானின் நேர்கோட்டிலும் நிற்காதீர்கள். அறுந்தால் அது சாட்டைபோல் திரும்பி வரும். கப்பலில் அப்படி ஒரு கயிறு பக்கத்தில் நின்றவரின் ஹெல்மெட்டைக் கடலுக்குள் கொண்டுபோனதை நான்கு அடி தூரத்திலிருந்து பார்த்தவன் நான். ஹெல்மெட்டுக்குள் தலை இல்லாமல் இருந்ததற்குக் காரணம், அவர் அப்போதுதான் வியர்வை துடைக்க அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார் என்பது மட்டுமே.

ஊர் திரும்பும் நாளில் கடைசி அரை மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். பாயை ஏற்றும் கயிறுகள் பாய்மரத்தில் டக் டக் என்று அடிக்காதபடி விலக்கி இழுத்துக் கட்டுங்கள். சத்தம் ஒருபுறமிருக்க, அடிக்க அடிக்க அலுமினியத்தின் மேற்பூச்சு உரியும். முன்பாயைச் சுருட்டி வைக்கும் படகானால், சுருட்டிய பாயைச் சுற்றி இன்னொரு கயிற்றைப் பலமுறை சுற்றுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதை இறக்கி உள்ளே வைத்துவிடுவதே மேல். காற்றில் ஒரு மூலை பிரிந்தாலும் முழுப் பாயும் விரிந்து, நீங்கள் கட்டிய ஆறு கயிற்றையும் ஒரே இரவில் சோதித்துவிடும். அந்த மாதங்களில் மூக்குக்கும் வாலுக்கும் இரண்டாவது கயிறு ஒன்று, வேறொரு கிளீட்டில், சற்று அதிகத் தளர்வோடு கட்டுங்கள். முதலாவது அறுந்தால்தான் அதற்கு வேலை. கொச்சிக் காயலில் இன்னொரு தொல்லை, மழையில் மிதந்து வரும் ஆகாயத்தாமரைக் கூட்டம். ஒரு பெரிய திட்டு படகுக்கும் மேடைக்கும் நடுவே வந்து அடைந்து, நீரோட்டத்தில் தள்ளத் தொடங்கினால் கயிற்றின் மேல் எதிர்பாராத சுமை ஏறும். துறைப் பணியாளர்களிடம் அதைத் தள்ளிவிடச் சொல்லிவைப்பது தவறில்லை, கேட்டால் செய்வார்கள்.

படகுக்குக் கரையிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால், அந்தக் கேபிள் கயிற்றைவிட நீளமாகவும் தண்ணீரைத் தொடாமலும் தொங்க வேண்டும். படகு நகரும்போது கேபிள்தான் முதலில் இழுபடும் என்ற நிலை இருக்கக் கூடாது. இதோடு ஓர் எச்சரிக்கையும் சேர்கிறது. விசிறியில் சிக்கிய கயிற்றை எடுக்க மரீனாத் தண்ணீரில் குதிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஏதோ ஒரு படகின் மின்கசிவு நீரில் பரவியிருந்தால், உப்பு நீரைவிட நல்ல நீரில் மனித உடல் அதற்கு எளிதில் பாதையாகும். மழைக்காலத்தில் கொச்சிக் காயலின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உள்ளே மின் இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதை நானோ நீங்களோ பார்த்துச் சொல்ல முடியாது, படகு மின்சாரம் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

எல்லாம் கட்டி முடித்ததும், ஒவ்வொரு கயிறும் கிளீட்டில் ஏறும் இடத்தில் நிறநூலால் இரண்டு சுற்றுச் சுற்றி அடையாளம் வைத்து, ஆறையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது முதலில் அந்த நூலைப் பாருங்கள். ஒரு சாண் நகர்ந்திருந்தால் அந்தக் கிளீட்டில் கட்டியது வழுக்கியிருக்கிறது, நகராமல் உறை மட்டும் தேய்ந்திருந்தால் உறையை மாற்ற வேண்டும், இரண்டும் இல்லாமல் பெயின்ட் மட்டும் புதிதாக உரிந்திருந்தால் ஸ்பிரிங்கை அரை முழம் இழுத்துக் கட்டிவிட்டு எனக்குப் படத்தோடு எழுதுங்கள்.